வேதியியல் கணக்கும் நம் பிள்ளைகளும்

மேனிலை வகுப்பில் அறிவியல் பிரிவை எடுத்துப் படிக்கும் பிள்ளைகள் உள்ள இல்லங்களில் ஆண்டுதோறும் நம் செவியில் விழும் முறையீடு ஒன்றுண்டு. "பாடமெல்லாம் படித்துவிட்டேன், வேதியியலில் கணக்குத்தான் வரவில்லை" என்பதே அது. இதைக் கேட்ட பெற்றோர் விடைகளோடு கூடிய கைடு ஒன்றை வாங்கித் தருகின்றனர். அல்லது டியூஷனுக்கு அனுப்புகின்றனர். இவை தவறென்று நாம் சொல்ல வரவில்லை. ஆயினும், இவ்விரண்டாலும் தீராத குறை ஒன்று இருக்கின்றது. பெரும் படிப்பில்லாத பெற்றோரும் அதனைத் தீர்த்து வைக்க இயலும் என்பதை எடுத்துரைக்கவே இதனை எழுதுகின்றோம்.

வல்லக்கோட்டையையும் அதன் சுற்றுப்புறத்தையும் எண்ணிப் பார்ப்போம். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் இடையே ஏரித் தண்ணீரை நம்பி நெல் விளைத்த ஊர்கள் இவை. 1998-இல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார்கள் உருவாகத் தொடங்கின. 2000-இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபைன் கண்ணாடி ஆலை உற்பத்தியைத் தொடங்கியது. 2010-இல் ஒரகடத்தில் ரெனோ-நிசான் கார் ஆலை திறக்கப்பட்டது. டயர், மோட்டார் சைக்கிள், லாரி என அடுத்தடுத்து ஆலைகள் எழுந்தன. இன்று இப்பகுதியில் எத்தனையோ குடும்பங்களின் அடுப்பு ஷிப்டு நேரத்தைப் பார்த்தே எரிகின்றது.

ஆலைக்குள் ஒருவர் குறித்துக் கொடுக்கப்பட்ட அளவைத் தொட்டியில் ஊற்றுகின்றார். மற்றொருவர் அந்த அளவைக் கணக்கிட்டுக் குறித்துக் கொடுக்கின்றார். ஊற்றும் கையும் மதிப்புக்குரியதே. ஆயினும் நம் பிள்ளைகள் விரும்பினால் கணக்கிடும் இடத்துக்கும் செல்லக்கூடியவர்களாய் இருத்தல் வேண்டுமன்றோ? அவ்விடத்துக்குச் செல்லும் வழி பிளஸ் ஒன் வேதியியலின் முதற் பாடத்திலேயே தொடங்குகின்றது. வேதிக் கணக்கீடுகள் பற்றிய அப்பாடத்தில் தடுக்கி விழும் மாணாக்கர் பின்னர் வரும் வாயு நிலைமை, கரைசல்கள், மின்வேதியியல் ஆகிய எல்லாப் பாடங்களிலும் நொண்டியே நடக்கின்றனர்.

எண்ணிக்கையும் எடையும்

அம்முதற் பாடத்தில் மாணாக்கரை மருட்டுவது 'மோல்' என்னும் சொல். வாழைப்பழத்தை டஜன் கணக்கில் எண்ணுகின்றோம். டஜன் என்றால் பன்னிரண்டு. அணுக்களும் மூலக்கூறுகளும் மிகச் சிறியவை ஆதலால் அவற்றை எண்ணப் பெரியதொரு டஜன் தேவைப்படுகின்றது. அதுவே மோல். ஒரு மோல் என்பது 6.02214076 × 10²³ துகள்கள். 2019 மே 20 முதல் உலகெங்கும் இவ்வெண்ணே மோலுக்குரிய திட்டமான வரையறையாக வழங்குகின்றது.

டஜன் எலுமிச்சையும் டஜன் பூசணியும் எண்ணிக்கையில் ஒன்றே, எடையில் ஒன்றல்ல. இதை மறப்பதால் வரும் பிழையைப் பாருங்கள். கண்ணாடி செய்யச் சேர்க்கும் பொருள்களுள் சுண்ணாம்புக்கல் ஒன்று. சூட்டில் அது சுட்ட சுண்ணாம்பாகவும் கரியமில வாயுவாகவும் பிரிகின்றது. 100 கிலோ தூய சுண்ணாம்புக்கல்லிலிருந்து எத்தனை கிலோ சுண்ணாம்பு கிடைக்கும்? "ஒன்று பிரிந்து ஒன்றும் ஒன்றும் ஆகிறது, எனவே பாதிக்குப் பாதி, 50 கிலோ" என்று எழுதும் பிள்ளைகள் உண்டு. ஒரு மோல் சுண்ணாம்புக்கல்லின் எடை 100 கிராம். ஒரு மோல் சுண்ணாம்பின் எடை 56 கிராம். கரியமில வாயுவின் எடை 44 கிராம். ஆகவே விடை 56 கிலோ. எஞ்சிய 44 கிலோ வாயுவாகிக் காற்றில் கலக்கின்றது. 56-ஐயும் 44-ஐயும் கூட்டினால் மீண்டும் 100 வருகின்றதா என்று பார்ப்பது, விடையைச் சரிபார்க்கும் எளிய வழி.

டயரும் வெயிலும்

காற்று அடிக்கும் கடையில் காருக்கு "முப்பத்திரண்டு" வைக்கச் சொல்கின்றோம். அது ஒரு சதுர அங்குலத்துக்கு 32 பவுண்டு என்னும் அழுத்தம். காலையில் 27 டிகிரி செல்சியசில் காற்று அடித்த டயர், உச்சி வெயிலில் நெடுஞ்சாலையில் ஓடி 57 டிகிரிக்குச் சூடேறுகின்றது. டயரின் கொள்ளளவு மாறவில்லை எனக் கொண்டால் இப்போது மானி என்ன காட்டும்?

அழுத்தம் வெப்பநிலைக்கு நேர் விகிதத்தில் உயரும் என்ற விதி பிள்ளைக்குத் தெரியும். உடனே 32-ஐ 57-ஆல் பெருக்கி 27-ஆல் வகுக்கின்றான். ஏறத்தாழ 68 வருகின்றது. காலையில் இருந்ததைப் போல் இரண்டு மடங்குக்கும் மேல்! நாள்தோறும் டயர்கள் இப்படிப் பொங்கினால் சாலையில் எவரும் செல்ல முடியாது. விதி சரிதான், வெப்பநிலையைக் கெல்வினுக்கு மாற்ற மறந்ததே பிழை. 27 டிகிரி என்பது 300 கெல்வின்; 57 டிகிரி என்பது 330 கெல்வின். பத்தில் ஒரு பங்குதான் உயர்வு.

அப்படியானால் 35.2 என்று எழுதிவிடலாமா? இன்னொரு கண்ணி உண்டு. மானி காட்டுவது, நம்மைச் சூழ்ந்த காற்று மண்டலத்தின் அழுத்தத்துக்கு மேற்பட்ட அளவை மட்டுமே. அம்மண்டல அழுத்தம் சுமார் 15 பவுண்டு. அதையும் கூட்டினால் டயருக்குள் மெய்யாக இருப்பது 47. அது பத்தில் ஒரு பங்கு உயர்ந்து 51.7 ஆகும். 15-ஐக் கழித்தால் மானி காட்டுவது 36.7. ஒரே விதியைக் கொண்டு மூன்று பேர் மூன்று விடைகளை எழுதலாம். தரப்பட்ட எண் எதனைக் குறிக்கின்றது என்று நின்று கேட்டவனே சரியான விடையை அடைகின்றான்.

முலாம் தொட்டியில் ஒரு மணி நேரம்

வாகன உதிரிப் பாகங்களுக்கு நிக்கல் முலாம் பூசுவது நாம் அறிந்த தொழில். 10 ஆம்பியர் மின்சாரம் ஒரு மணி நேரம் பாய்ந்தால் எவ்வளவு நிக்கல் படியும்? மின்னூட்டத்தைக் காண, ஆம்பியரை வினாடியால் பெருக்குதல் வேண்டும்: 10 × 3,600 = 36,000 கூலும். ஒரு மோல் எலெக்ட்ரானுக்கு 96,500 கூலும் ஆதலால், 36,000 கூலும் என்பது 0.373 மோல் எலெக்ட்ரான். ஒரு நிக்கல் அயனி படிவதற்கு இரண்டு எலெக்ட்ரான் தேவை. எனவே நிக்கல் 0.1865 மோல். 58.7-ஆல் பெருக்கினால் ஏறத்தாழ 10.9 கிராம். தொட்டியில் பாயும் மின்சாரம் முழுவதும் நிக்கலைப் படிய வைப்பதற்கே செலவாகின்றது எனக் கொண்டு இவ்விடை பெறப்பட்டது. இரண்டால் வகுக்க மறந்தால் விடை இரு மடங்காகும். தேர்வில் அதனால் போவது சில மதிப்பெண். ஆலையிலோ முலாத்தின் கனமே தவறிவிடும்.

இவ்விதிகளை 1830-களில் நிலைநாட்டியவர் மைக்கேல் ஃபாரடே. 1791-இல் ஒரு கொல்லரின் மகனாகப் பிறந்த அவருக்குக் கிடைத்த பள்ளிப் படிப்பு சொற்பம். பதினான்காம் வயதில் புத்தகம் பைண்டு செய்யும் கடையில் வேலை பழகச் சேர்ந்தார். கட்டடத்துக்கு வந்த நூல்களையே பாடமாகக் கொண்டார். ஜேன் மார்செட் என்னும் பெண்மணி எழுதிய வேதியியல் நூலைப் படித்தபோது, அதில் சொல்லப்பட்டவற்றைத் தம்மால் இயன்ற சிறு சோதனைகளால் தாமே செய்து பார்த்தார். 1813-இல் இலண்டன் இராயல் இன்ஸ்டிடியூஷனில் உதவியாளரானார். வறுமையால் அவருடைய அறிவு வேட்கையை அடக்க முடியவில்லை என்பதோடு, படித்ததைக் கையால் செய்து பார்த்தே நம்பினார் என்பதையும் நம் பிள்ளைகள் கருதுதல் நன்று.

எட்டா, ஏழுக்குக் குறைவா?

கைடு படிப்பின் குறை எங்கே வெளிப்படுகின்றது என்பதற்கு, பிளஸ் டூ அயனிச் சமநிலைப் பாடத்தில் வரும் பழம்பெரும் கணக்கு ஒன்றே போதும். லிட்டருக்கு 10⁻⁸ மோல் செறிவுள்ள ஹைட்ரோகுளோரிக் அமிலக் கரைசலின் பி.எச். மதிப்பு என்ன? சூத்திரத்தை மட்டும் மனனம் செய்தவன் கண்ணிமைக்கும் நேரத்தில் "8" என்று எழுதுவான். ஆனால் பி.எச். 7-க்கு மேற்பட்டால் அது காரமன்றோ? நீரில் அமிலத்தை எவ்வளவு குறைவாகச் சேர்த்தாலும் அது காரமாகிவிடுமா?

நீர் தானாகவே சிறிதளவு பிரிந்து ஹைட்ரஜன் அயனிகளைத் தருகின்றது. இங்கே அமிலம் தருவதைக் காட்டிலும் நீர் தருவதே மிகுதி. இரண்டையும் சேர்த்துக் கணக்கிட்டால் 25 டிகிரி செல்சியசில் விடை 6.98. எட்டுக்கும் இதற்கும் இடையே இருப்பது அரைப் பக்கக் கணக்குத்தான். ஆனால் அந்த அரைப் பக்கத்தை எழுதத் தூண்டுவது, "இது நடக்கக்கூடியதா?" என்னும் ஒரே கேள்வி. அக்கேள்வியைக் கேட்கும் பழக்கம் கைடைப் பார்த்து வருவதன்று. நீட் போன்ற தேர்வுகளில் தவறான விடைக்கு ஒரு மதிப்பெண் கழிக்கப்படுவதால் அப்பழக்கம் இல்லாதவர்க்கு இழப்பும் இரட்டிப்பாகின்றது.

பெற்றோர் செய்யத்தக்கவை

தீர்த்து வைத்த கணக்கைப் படிக்கும்போது எல்லாம் விளங்கியது போலவே தோன்றும். பிறர் நீந்துவதைக் கரையிலிருந்து பார்ப்பதற்கும் நீந்துவதற்கும் உள்ள வேற்றுமையே இதிலும் உண்டு. ஆகையால் முதலாவது, விடைப் பகுதியை ஒரு தாளால் மூடி வைத்துக் கால் மணி நேரமாவது பிள்ளை தானே முயலட்டும். முயன்று தோற்றபின் பார்க்கும் விடை நெஞ்சில் நிற்கும்.

இரண்டாவது, அருகில் அமர்ந்து நான்கு கேள்விகளைக் கேளுங்கள். தரப்பட்டது என்ன? கேட்கப்படுவது என்ன? ஒவ்வோர் எண்ணுக்கும் அலகு என்ன? வந்த விடை நம்பத் தகுந்ததா? இவற்றைக் கேட்க வேதியியல் தெரிந்திருக்க வேண்டுவதில்லை. அரிசியைப் படியில் அளந்து, எண்ணெயை லிட்டரில் வாங்கி, இட்லிக்கு அரிசியும் உளுந்தும் எந்த விகிதம் என்று அறிந்த தாய்க்கு அலகும் விகிதமும் அயலானவை அல்ல.

மூன்றாவது, பிழைகளுக்கென ஒரு நோட்டு வைக்கச் சொல்லுங்கள். கெல்வினுக்கு மாற்ற மறந்ததா, மணியை வினாடியாக்க மறந்ததா என்று ஒரு வரியில் குறித்து, ஒரு வாரம் கழித்து அதே கணக்கை மீண்டும் போடட்டும். விடுமுறையில் ஒரே நாளில் ஐம்பது கணக்குப் போடுவதினும், நாள்தோறும் ஐந்து போடுவது மேல்.

நான்காவது, தமிழ்வழியில் படிக்கும் பிள்ளை அதனால் தாழ்ந்தவன் என்ற எண்ணத்துக்கு வீட்டில் இடம் தராதீர்கள். 1847-இல் யாழ்ப்பாணம் வந்த அமெரிக்க மருத்துவர் சாமுவேல் ஃபிஸ்க் கிறீன், மானிப்பாயில் மாணாக்கருக்குத் தமிழிலேயே மருத்துவம் பயிற்றுவித்தார். அவர் முயற்சியால் 'கெமிஸ்தம்' என்னும் வேதியியல் நூல் 1875-இல் தமிழில் வெளிவந்தது. ஒன்றரை நூற்றாண்டாக வேதியியலைச் சுமந்து வரும் மொழி நம் மொழி. கணக்கைத் தமிழில் விளங்கிக்கொண்ட பிள்ளைக்குப் பின்னர் ஆங்கிலச் சொற்கள் பெயர் மாற்றமாகவே தோன்றும்.

இறுதியாக, இன்றிரவு உணவுக்குப் பின் நம் வீடுகளில் போட்டுப் பார்க்க ஒரு கணக்கு. அதே நிக்கல் தொட்டியில் 20 ஆம்பியர் மின்சாரம் 30 நிமிடம் பாய்ந்தால் எவ்வளவு நிக்கல் படியும்? விடையை நாம் இங்கே தனியே எழுதவில்லை. கணக்கைப் போட்டு முடித்ததும் அது இப்பக்கத்தில் எங்கே இருக்கின்றது என்பதைப் பிள்ளைகளே உங்களுக்குக் காட்டுவார்கள்.