சாப்பு அடித்தால் போதுமா?

தோட்டத்துச் சகோதர சகோதரிகளே, இந்த வாரம் நம் லயங்களில் அடிபடும் ஒரு சங்கதியைப் பேசுவோம்.

"ஊரிலேருந்து மச்சான் வந்திருக்காரு. மாசம் முடியறப்போ சயாம் எல்லைக்குப் போயி சாப்பு அடிச்சிட்டு வந்தா, இன்னொரு மாசம் இருக்கலாமாம். ஏஜண்டு சொல்றாரு."

ஏஜண்டு சொல்வதில் மெய் எவ்வளவு, பொய் எவ்வளவு?

2023 டிசம்பர் 1 முதல், இந்தியக் கடப்பிதழ் உள்ளவர்கள் விசா இல்லாமல் வந்து 30 நாள் தங்க நம் அரசாங்கம் அனுமதி கொடுத்தது. இது மெய். ஆனால் அது ஊர் சுற்றிப் பார்க்கவும் உறவினரைப் பார்க்கவும் கொடுக்கிற பாஸ். செம்பனைக் குலை வெட்டவோ, கடையில் ரொட்டி தட்டவோ கொடுத்ததல்ல.

புக்கிட் காயூ ஹீத்தாமைத் தாண்டி டானோக்கில் சாப்பிட்டுவிட்டு அன்றைக்கே திரும்புகிறவர்கள் உண்டு. பாடாங் பெசார் வழியாகப் போகிறவர்களும் உண்டு. ஆனால் திரும்பி வரும்போது உள்ளே விடுவதும் விடாததும் குடிநுழைவு அதிகாரியின் கையில்தான் இருக்கிறது. எத்தனை தடவை வந்து போனார் என்பது அவர் முன்னாலேயே தெரியும். சந்தேகப்பட்டால் அங்கேயே திருப்பி விடுவார். துணிமணி லயத்தில் கிடக்கும். ஆள் எல்லையில் நிற்பார். ஏஜண்டின் போன் அடிக்குமா?

முறைப்படி நாளை நீட்டிக்க வழி இருக்கிறது. நோய், விபத்து போன்ற அவசரமென்றால், பாஸ் முடிவதற்குள் குடிநுழைவு அலுவலகத்துக்குப் போக வேண்டும். டாக்டர் கடிதமும் திரும்பிப் போகும் டிக்கெட்டும் கையில் இருக்கட்டும். "வேலை கிடைச்சிருக்கு, இன்னும் கொஞ்ச நாள் இருக்கேன்" என்றால் நடக்காது. வேலைக்கு வருகிறவருக்கு முதலாளி முன்கூட்டியே அனுமதி வாங்கி, அதற்குரிய விசாவோடு ஊரிலிருந்தே வரவழைக்க வேண்டும்.

நாள் தாண்டித் தங்கினால் சட்டம் சும்மா விடாது. குறைந்தது 10,000 வெள்ளி அபராதம், அல்லது ஐந்தாண்டு வரை சிறை, அல்லது இரண்டும். பெர்மிட் இல்லாதவரை வேலைக்கு வைத்தவருக்கு ஆளுக்கு 10,000 முதல் 50,000 வெள்ளி வரை அபராதம் உண்டு. தெரிந்தே வீட்டில் ஒளித்து வைப்பதும் குற்றம்தான். பாசத்தால் இடம் கொடுத்த அக்காளும் மாட்டிக்கொள்வாள்!

தாளின் அருமையை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1968இல் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டம் வந்து, 1969இல் குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயமானபோது, சிவப்பு அடையாளக் கார்டோடு இருந்த நம் பெரியவர்கள் எத்தனை பேர் கப்பலேறிப் போனார்கள்! பிறந்த பிள்ளைகளை இங்கே விட்டுவிட்டுப் போனவர்களும் உண்டு.

ஆகவே, உறவு வந்தால் மூன்று காரியம் செய்யுங்கள். கடப்பிதழில் உள்ள தேதியை நீங்களே பாருங்கள். கடப்பிதழை ஏஜண்டிடம் கொடுக்க விடாதீர்கள். 'சாப்பு' செலவுக்கென்று நகையை அடகு வைக்காதீர்கள். ஏற்கெனவே நாள் தாண்டிவிட்டதா? ஒளிந்து திரிவது தீராது. 2024 மார்ச்சிலிருந்து டிசம்பர் வரை நடந்த தாயகம் திரும்பும் திட்டத்தில், நாள் தாண்டியவர்கள் 500 வெள்ளி கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அப்படி வழி திறக்கும்போது நேராக அலுவலகத்துக்குப் போகச் சொல்லுங்கள்.

விருந்தாளி விருந்தாளியாகவே திரும்பட்டும். உழைக்க வருகிறவர் உரிய தாளோடு, நிமிர்ந்து வரட்டும்.