வெயிற்புறமும் நிழற்புறமும்: யின்–யாங் கோட்பாட்டைத் தமிழில் விளங்கிக்கொள்ளல்

கிள்ளான் பள்ளத்தாக்கில் தமிழரும் சீனரும் மலாய்க்காரரும் அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றனர். உடல்நலத்தைப் பற்றிப் பேசுங்கால் மூவர் நாவிலும் ஏறத்தாழ ஒரே பொருளுடைய சொற்கள் எழுகின்றன. நாம் ‘சூடு’, ‘குளிர்ச்சி’ என்கிறோம். மலாய்க்காரர் ‘பானாஸ்’, ‘செஜுக்’ என்பர். சீனரோ டுரியானின் சூட்டைத் தணிக்க மங்குஸ்தீன் உண்பர். பிள்ளைப்பேற்றுக்குப் பின் நம் இல்லங்களில் பத்தியம் காக்கப்படுவது போலவே, சீனர் இல்லங்களில் ஒரு மாதக் காப்பும், மலாய்க்காரர் இல்லங்களில் ‘பந்தாங்’ எனும் கட்டுப்பாடும் உண்டு.

இவ்வொற்றுமை காரணமாக, ‘யின் என்றால் குளிர்ச்சி, யாங் என்றால் சூடு’ என ஒரே வரியில் விளக்கிவிடும் வழக்கம் நம்மிடையே நிலவுகிறது. அவ்விளக்கம் நம்மை வாயில்வரை அழைத்துச் செல்லும். வீட்டிற்குள் அழைத்துச் செல்லாது. சொல்லைத் தவறாகக் கொள்வது மருந்தையும் தவறாகக் கொள்வதில் முடியக்கூடும் என்பதால், இக்கோட்பாட்டைச் சற்று நின்று ஆராய்வோம்.

சொல்லின் வேர்ப்பொருள்

சீன எழுத்தில் ‘யின்’, ‘யாங்’ ஆகிய இரண்டிலும் குன்றைக் குறிக்கும் உறுப்பு ஒன்று இடம்பெற்றுள்ளது. யின் என்பது குன்றின் நிழற்புறம். யாங் என்பது வெயிற்புறம். நாமனைவரும் அறிந்த பத்துமலையை எண்ணிப் பார்ப்போம். காலையில் அதன் கிழக்குச் சரிவில் வெயில் படும். மேற்குச் சரிவு நிழலில் இருக்கும். மாலையில் நிலைமை மாறிவிடும். குன்று ஒன்றே, சரிவுகளும் அவையே. மாறியது அவற்றின் உறவு மட்டுமே. நிழற்புறம் இன்றி வெயிற்புறம் என ஒன்றைச் சுட்டவும் இயலாது.

ஆகவே, யின்னும் யாங்கும் இரண்டு பொருள்களின் பெயர்கள் அல்ல. ஒன்றையொன்று சார்ந்து நிற்கும் இரு நிலைகளின் பெயர்கள். பகல் யாங், இரவு யின். இயக்கம் யாங், ஓய்வு யின். உச்சி வேளையில் யாங் நிறைவெய்தும். அந்நொடியிலிருந்தே அது தேயத் தொடங்கி யின் வளரும். ஏறத்தாழ இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு முன் தொகுக்கப்பெற்ற ‘ஹுவாங்டி நெய்ஜிங்’ எனும் சீன மருத்துவ நூல் இவ்வுறவை அடிப்படையாகக் கொண்டே உடலையும் நோயையும் விளக்குகிறது.

இருவகைச் சூடு

விளக்கொன்றை எடுத்துக்கொள்வோம். அதில் எண்ணெய் யின், சுடர் யாங். விளக்கின் வெம்மை மிகுவதற்கு இரு காரணங்கள் இருக்கலாம். திரியை மிகத் தூண்டியதால் சுடர் பெருகியிருக்கலாம். அல்லது எண்ணெய் குறைந்ததால் திரியே கருகத் தொடங்கியிருக்கலாம். முன்னதற்குத் திரியை இறக்க வேண்டும். பின்னதற்கு எண்ணெய் வார்க்க வேண்டும்.

சீன மருத்துவர் நோயாளியின் சூட்டையும் இவ்வாறே பிரித்தறிகிறார். கடுங்காய்ச்சல், முகச் சிவப்பு, பெருந்தாகம், வலுத்த நாடி ஆகியவை யாங் மிகுந்த சூட்டின் குறிகள். பிற்பகலில் எழும் இளஞ்சூடு, உள்ளங்கை உள்ளங்கால் எரிச்சல், இரவு வியர்வை, வாய்வறட்சி ஆகியவை யின் குறைந்ததால் தோன்றும் சூட்டின் குறிகள். முதல்வகைக்குக் கசப்பும் குளிர்ச்சியும் உடைய மூலிகைகளைத் தருவர். இரண்டாம் வகைக்கு அவற்றை மிகுதியாகத் தந்தால் உடல் மேலும் வறளும் என்பது அம்மருத்துவத்தின் கருத்து. தமிழில் இரண்டையும் ‘சூடு’ என்றே வழங்கினால் இவ்வேறுபாடு மறைந்துபோகும்.

நம் அன்றாட உணவிலும் இந்நோக்கைக் காணலாம். பெட்டாலிங் சாலையில் விற்கப்படும் ‘ஆயர் மாத்தா கூச்சிங்’ எனும் பானத்தில், குளிர்ச்சியுடையதாகக் கருதப்படும் நீர்ப்பூசணியும் லுவோ ஹான் குவோ கனியும், சூடுடையதாகக் கருதப்படும் உலர்ந்த லோங்கான் பழமும் ஒன்றுசேர்கின்றன. கிள்ளானுக்குப் பெயர் ஈட்டித் தந்த ‘பாக் குட் தே’ 2024ஆம் ஆண்டில் தேசிய மரபுரிமை உணவாக அறிவிக்கப்பெற்றது. உடலுக்கு வெம்மை ஊட்டுவதாகக் கருதப்படும் அவ்வுணவில் டாங் குய் வேர், பட்டை, மிளகு போன்றவை சேர்க்கப்படுகின்றன. சளி பிடித்தால் பிரிக்பீல்ட்ஸ் உணவகத்தில் மிளகு ரசம் கேட்கும் நமக்கு அதன் நோக்கம் புதிதன்று.

நம் மருத்துவத்தோடு ஒப்பீடு

சித்த மருத்துவம் வளி, அழல், ஐயம் என மூன்றைக் கொள்கிறது. அவை மிகுதலும் குறைதலும் நோய்க்குக் காரணம் என்னும் கருத்தைத் திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரத்திலும் காண்கிறோம். சமநிலையே நலம் என்பதில் இரு மரபுகளும் ஒன்றுபடுகின்றன. எனினும் வேற்றுமைகளும் உள. இரு மருத்துவரும் மணிக்கட்டில் மூன்று விரல்களை வைத்தே நாடி பார்க்கின்றனர். சித்தர் மரபில் அம்மூன்றும் வாதம், பித்தம், கபம் ஆகியவற்றைக் காட்டும். சீன மரபிலோ ஒவ்வோரிடமும் வெவ்வேறு உள்ளுறுப்பைக் காட்டும். நம் ஐம்பூதங்களில் காற்றும் வெளியும் உள்ளன. சீனரின் ஐந்தில் அவற்றிற்கு ஈடாக மரமும் உலோகமும் உள்ளன. ஒன்றை மற்றொன்றின் மொழிபெயர்ப்பாகக் கொள்ளுதல் இரண்டிற்கும் நீதி செய்வதாகாது.

பெயர் மயக்கத்தின் விலை

1990களின் தொடக்கத்தில் பெல்ஜிய நாட்டில் உடல் இளைப்பதற்காக மாத்திரை உட்கொண்ட பெண்கள் பலர் சிறுநீரகம் பழுதுபட்டுத் துன்புற்றனர். பாதிக்கப்பட்டோர் தொகை நூறளவினதாகக் கண்டறியப்பட்டது. மாத்திரையில் ‘ஹான் ஃபாங் ஜி’ எனும் மூலிகை சேர வேண்டிய இடத்தில், பெயரளவில் ஒத்த ‘குவாங் ஃபாங் ஜி’ சேர்ந்திருந்தது. பின்னது நம் ஆடுதின்னாப்பாளையின் பேரினத்தைச் சேர்ந்தது. அவ்வினச் செடிகளில் உள்ள அரிஸ்டோலோக்கிக் அமிலம் சிறுநீரகத்தை அழிப்பதோடு புற்றுநோயையும் உண்டாக்க வல்லது. ‘இயற்கையானது, ஆதலால் தீங்கற்றது’ என்னும் நம்பிக்கைக்கு இந்நிகழ்வு போதிய மறுமொழியாகும்.

நம் சமையலறையிலும் கவனம் வேண்டும். இரத்தம் உறையாதிருக்க ‘வார்ஃபரின்’ உட்கொள்வோர் டாங் குய், டான் ஷென் ஆகிய வேர்களை உட்கொண்டால் இரத்தக்கசிவு நேரும் இடர் மிகும். நீரிழிவுக்கோ இரத்த அழுத்தத்திற்கோ மருந்து உண்போர், உடற்சூடு தணிந்துவிட்டது எனக் கருதி அம்மருந்தைத் தாமே நிறுத்துதல் கூடாது. யின்னும் யாங்கும் கருவிகொண்டு அளக்கத்தக்க பொருள்கள் அல்ல. அவை உடலை நோக்குவதற்கான ஒரு முறை. அம்மரபின் மூலிகைகளுள் எது எந்நோயைத் தீர்க்கும் என்பதை ஆய்வே உறுதி செய்ய வேண்டும். பண்டைச் சீன நூற்குறிப்பு ஒன்றிலிருந்து வழிபெற்று, மலேரியாவிற்கான ஆர்டிமிசினின் மருந்தைக் கண்டறிந்த து யூயூ 2015இல் நோபல் பரிசு பெற்றார். வழியைக் காட்டியது நூல். மருந்தின் ஆற்றலை மெய்ப்பித்தது சோதனை.

இரு மருத்துவங்களும் அருகருகே இயங்குவதற்குக் கோலாலம்பூரிலேயே சான்று உண்டு. 1881இல் கப்பித்தான் யாப் குவான் செங் நிறுவிய அறநிலையத்திலிருந்து வளர்ந்த துங் ஷின் மருத்துவமனை, இன்று ஜாலான் புடுவில் மேலை மருத்துவத்தையும் சீன மருத்துவத்தையும் ஒருங்கே வழங்குகிறது. 2016ஆம் ஆண்டின் மரபு மற்றும் துணைநிலை மருத்துவச் சட்டம் சீன, மலாய், இந்திய மரபு மருத்துவங்களைத் தன் வரம்பிற்குள் கொண்டு, மருத்துவரின் பதிவிற்கு வழிவகுத்துள்ளது. ஆகவே மருத்துவரின் பதிவையும், மருந்துறையில் ‘எம்.ஏ.எல்.’ எனத் தொடங்கும் பதிவெண்ணையும் பார்த்தே வாங்குதல் நலம்.

வகுப்பறையில் யின், யாங் என்னும் சொற்களை அவ்வாறே ஆளலாம். ‘நிழற்புறம்’, ‘வெயிற்புறம்’ என அவற்றின் வேர்ப்பொருளை விளக்கலாம். சூடு, குளிர்ச்சி என்பவற்றை எடுத்துக்காட்டுகளாக மட்டும் தரலாம். அவ்வாறு கற்கும் மாணவர், அண்டை வீட்டுச் சீனப் பாட்டி ‘உனக்குச் சூடு’ என்று கூறும்போது, ‘எவ்வகைச் சூடு, பாட்டி?’ என்று வினவத் தெரிந்தவராய் வளர்வர்.