பஸ் பிரயாணமும் காதுப் பாதுகாப்பும்

காலை எட்டு மணியளவில் கோந்த்வாவின் எந்தப் பஸ் நிறுத்தத்தில் நின்று நோக்கினும் ஒரு காட்சி தவறாது காணக் கிடைக்கும். ஸ்வார்கேட் செல்லும் வண்டிக்காகக் காத்து நிற்போரில் பாதிப் பேருக்கு மேல் காதில் ஏதேனும் ஒரு கருவியைச் செருகியிருப்பர். நம்மவர் வீட்டுப் பிள்ளைகளும் அவர்களுள் உளர். ஹெட்போன், இயர்போன் எனப் பலவாறாக வழங்கும் இக்கருவியைத் தமிழில் காதொலிப்பான் என்பார் உளர்; செவிப்பொறி என்பாரும் உளர். எனினும் கடையில் ஹெட்போன் என்று கேட்டால்தான் கிடைக்குமாதலின், நாமும் அப்பெயரையே கொண்டு எழுதுகிறோம்.

இப்பொருளைப் பற்றி எழுத நேர்ந்தமைக்குக் காரணம் எம் இல்லத்திலேயே நிகழ்ந்தது. எம் தமக்கையின் மகன் திருநெல்வேலியிலிருந்து வந்து எம்முடன் தங்கிச் சிவாஜிநகரில் வேலை பார்க்கிறான். கோந்த்வாவிலிருந்து ஸ்வார்கேட் வரை பஸ், அங்கிருந்து சிவாஜிநகர் வரை மெட்ரோ ரெயில். போக்குவரத்து நெரிசலையும் காத்திருப்பையும் கூட்டிப் பார்த்தால் நாளொன்றுக்கு இரண்டரை மணி நேரம் வழியிலேயே கழிகிறது. அந்நேரம் முழுவதும் பாட்டும் கதையும் அவன் காதில் ஒலித்துக்கொண்டிருக்கும். ஓரிரவு படுக்கப் போனவன், "மாமா, காதுக்குள் சில்வண்டு கத்துவது போலிருக்கிறது" என்றான். மறுநாளும் அதுவே, அதற்கு மறுநாளும் அதுவே. காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். செவிப்புலன் நல்ல வேளையாக இன்னும் கெடவில்லை என்றும், மூன்று வாரம் அக்கருவியைத் தொடலாகாது என்றும், பிறகும் முன்போல் உரக்க வைத்துக் கேட்டால் இவ்விரைச்சல் நிரந்தரமாகத் தங்கிவிடக்கூடும் என்றும் அவர் சொல்லியனுப்பினார்.

உட்செவியில் நத்தையோடு போன்ற சுருளொன்று உள்ளது. அதில் நுண்ணிய மயிரணுக்கள் பல்லாயிரம் நிற்கின்றன. ஒலியலையை நரம்புக்கு உணர்த்துபவை அவையே. மிகையான ஒலியால் அவை சாயும். ஓய்வு கொடுத்தால் ஓரளவு நிமிரும். மேலும் மேலும் தாக்கினால் மடியும். மடிந்த அணு மனிதருக்கு மீண்டும் முளைப்பதில்லை. தலைமயிர் போனால் போகட்டும் என்று இருந்துவிடலாம். இம்மயிர் போனால் அவ்வாறு இருக்க இயலாது.

எவ்வளவு ஒலி, எவ்வளவு நேரம் என்பதற்கு உலக சுகாதார நிறுவனம் கணக்கொன்று வகுத்துள்ளது. வளர்ந்தோர் 80 டெசிபல் ஒலியை வாரத்தில் 40 மணி நேரம் கேட்கலாம். குழந்தைகளாயின் 75 டெசிபல் அளவே அத்தனை நேரத்துக்குத் தகும். ஒலி 3 டெசிபல் கூடுந்தோறும் அனுமதிக்கப்பட்ட நேரம் பாதியாகக் குறையும். 83 என்றால் 20 மணி நேரம். 86 என்றால் 10. 89 என்றால் ஐந்தே மணி நேரம். எம் மருமகன் வாரத்தில் ஆறு நாள் வேலைக்குச் செல்பவன். ஆகப் பதினைந்து மணி நேரம் கேட்கிறான். 86 டெசிபலில் கேட்டாலே அவனுடைய வாரக் கணக்கு வியாழக்கிழமையோடு தீர்ந்துவிடுகிறது!

ஏன் அவ்வளவு உரக்க வைக்க வேண்டும் என்று கேட்கலாம். வீட்டில் மெல்லென ஒலிக்கும் அதே பாட்டு பஸ்ஸில் ஏறியதும் கேட்பதில்லை. இயந்திரத்தின் உறுமல், கண்ணாடிகளின் அதிர்வு, லுல்லாநகர்ச் சந்தியில் நாற்புறமும் முழங்கும் ஹாரன் ஆகிய யாவற்றையும் மீறிப் பாட்டு கேட்க வேண்டுமெனின் ஒலியைக் கூட்டுவதன்றி வேறு வழி தோன்றுவதில்லை. புனே மாநகரப் போக்குவரத்துக் கழகம் 2019-ஆம் ஆண்டு முதல் மின்சார பஸ்களையும் ஓட்டி வருகிறது. அவற்றில் உறுமல் குறைவுதான். ஆனால் எந்த வண்டி வரும் என்பது நம் கையில் இல்லை. 2024 செப்டம்பரில் திறக்கப்பட்ட ஸ்வார்கேட் மெட்ரோப் பகுதியோ நிலத்தடியில் செல்வது. சுரங்கச் சுவரில் மோதித் திரும்பும் சக்கர ஒலி வேறு வகையானது. ஆகவே பிரயாணத்துக்கென ஹெட்போன் வாங்குவோர் முதலில் கேட்க வேண்டிய கேள்வி, "இதில் பாட்டு எவ்வளவு இனிமையாக ஒலிக்கும்?" என்பதன்று, "வெளி இரைச்சலை இஃது எவ்வளவு தடுக்கும்?" என்பதே. இரைச்சல் தடுக்கப்பட்டால் ஒலியைக் கூட்டும் தேவையே எழாது.

இரைச்சலைத் தடுக்கும் முறை இருவகைப்படும். ஒன்று, காதை அடைத்தல். சிலிக்கோன் முனை பொருத்திய இயர்போன் காதின் துளையை முழுதும் மூடிக்கொண்டால், கிறீச்சிடும் உயர்ந்த ஒலிகள் பெரிதும் மட்டுப்படும். ஆனால் முனை அவரவர் காதுக்கு அளவாக இருத்தல் வேண்டும். பெட்டியில் சிறிது, நடுத்தரம், பெரிது என மூன்று அளவு முனைகள் வைத்திருப்பர். நம்மவருட் பலர் பொருத்தி வந்ததையே காலமெல்லாம் பயன்படுத்திவிட்டு மற்ற இரண்டையும் குப்பையில் எறிந்துவிடுகின்றனர். பொருத்தம் அறிய எளிய வழியொன்று உண்டு. பாட்டு எதுவும் ஒலிக்காதபோது இரண்டையும் காதில் வைத்துக்கொண்டு செய்தித்தாளை வாய்விட்டுப் படியுங்கள். உங்கள் குரல் பானைக்குள்ளிருந்து வருவது போல் உங்களுக்கே முழங்கினால் முனை சரியாக அமர்ந்துள்ளது எனலாம். இரு காதும் ஒரே அளவாக இருக்க வேண்டுமென்பதும் இல்லை; இடக்காதுக்குச் சிறியதும் வலக்காதுக்கு நடுத்தரமும் பொருந்துவோர் உளர்.

மற்றொரு முறை விந்தையானது. கருவியின் வெளிப்புறத்திலுள்ள மைக் புற இரைச்சலைக் கேட்டு, அதற்கு நேர்மாறான அலையைக் காதினுள் எழுப்பும். மேடும் பள்ளமும் ஒன்றையொன்று நிரப்பி இரைச்சல் அடங்கும். இக்கருத்துக்கு ஜெர்மானியரான பால் லூயெக் என்பவர் 1936-லேயே அமெரிக்கக் காப்புரிமை பெற்றுவிட்டார். எனினும் அதனை ஹெட்போனில் நடைமுறைக்குக் கொண்டு வந்தவர்களுள் முதன்மையானவர், வங்காளத்திலிருந்து அமெரிக்காவில் குடியேறிய ஒருவரின் மைந்தரான அமர் போஸ். 1978-இல் ஜூரிச்சிலிருந்து பாஸ்டனுக்கு விமானத்தில் செல்கையில், கொடுத்த ஹெட்போனில் இயந்திர இரைச்சலால் ஒன்றும் கேளாமற் போக, பயணம் முடிவதற்குள்ளேயே தாளில் கணக்குப் போடத் தொடங்கினாராம். விமானிகளுக்கான கருவி 1989-இலும், பொதுமக்களுக்கானது 2000-இலும் விற்பனைக்கு வந்தன. குடிபெயர்ந்தோர் வீட்டுப் பிள்ளை பிரயாணத்தில் பட்ட தொல்லையால் பிறந்தது இது என்பதில் நமக்கும் சிறிது பெருமை உண்டு.

இம்முறை தாழ்ந்த, ஒரே சீரான இரைச்சலையே நன்கு அடக்கும். பஸ் இயந்திரத்தின் உறுமல் அடங்கும். திடீரென எழும் ஹாரனும் பக்கத்து இருக்கைக்காரரின் பேச்சும் அடங்கா. எனவே, காதை நன்கு மூடும் முனையும் இவ்விரைச்சல் நீக்கமும் ஒருங்கே அமைந்த கருவியே பஸ் பிரயாணத்துக்கு ஏற்றது.

வடிவத்தைப் பற்றியும் சிறிது சொல்ல வேண்டும். காது முழுவதையும் கவிந்து மூடும் பெரிய ஹெட்போன் இரைச்சலை நன்றாகத் தடுக்கும். ஆனால் சித்திரை, வைகாசி வெயிலில் நெரிசலான பஸ்ஸில் அதனை அணிந்தால் காது வெந்துவிடும். கன்ன எலும்பு வழியே ஒலியைச் செலுத்தும் புதுவகை காதைத் திறந்தே விடுவது. பூங்காவில் உலவுவோர்க்கு நன்று, பஸ்ஸில் ஒலியை மேலும் கூட்டவே தூண்டும். இரு தனி மணிகளாக வரும் கம்பியில்லாக் கருவியை இளைஞர்கள் பெரிதும் விரும்புகின்றனர். அதன் இடர், இறங்கும் நெரிசலில் ஒன்று கழன்று விழுந்தால் ஆயிரம் கால்களுக்கிடையே அதனைத் தேட வேண்டியிருப்பதே. கழுத்தைச் சுற்றிக் கிடக்கும் நெக்பேண்ட் வகையில் இத்தொல்லை இல்லை. காதிலிருந்து எடுத்தால் கழுத்திலேயே தொங்கும். பாட்டரியும் நெடுநேரம் நிற்கும். ஆயிரத்திலிருந்து இரண்டாயிரம் ரூபாய்க்குள் தக்கதாகவே கிடைக்கிறது. எம் மருமகனுக்கு நாம் வாங்கிக் கொடுத்தது இதுவே. புனேயின் ஆனி, ஆடி மழையை எண்ணி, ஐ.பி.எக்ஸ். 4 என்னும் குறியோ அதனினும் உயர்ந்த எண்ணோ பெட்டியின் மேல் உள்ளதா எனப் பார்த்தல் வேண்டும். எப்பக்கத்திலிருந்து நீர் தெறித்தாலும் தாங்கும் என்பதே அதன் பொருள்.

கம்பியுள்ள பழைய இயர்போனை நாம் இகழ்வதற்கில்லை. மின்னேற்ற வேண்டியதில்லை, விலையும் குறைவு. மேலும், கைப்பேசியிலுள்ள பண்பலை வானொலி அக்கம்பியையே ஏரியலாகக் கொண்டு இயங்குவது. கம்பி செருகாவிடின் அது பாடாது. சிற்றலையில் இலங்கை வானொலியைப் பிடிக்க ஏரியலைக் கூரையெங்கும் இழுத்துக் கட்டிய நம் பெரியவர்கள் இதனை உடனே விளங்கிக்கொள்வர். அவர்களுக்குப் பெரும்பாலும் இதுவே போதும்.

ஹெட்போன் 1910-இலேயே அமெரிக்காவில் நதானியேல் பால்ட்வின் என்பவரது வீட்டு அடுக்களையில் உருவாகிக் கடற்படைக்கு விற்கப்பட்ட பொருள். அதனைத் தெருவுக்குக் கொணர்ந்தது 1979-இல் ஜப்பானின் சோனி நிறுவனம் வெளியிட்ட வாக்மேன். ஒருவர் தனித்துக் கேட்பது மரியாதைக் குறைவாகுமோ என்று அதன் தலைவர் அகியோ மொரிடா அஞ்சியமையால், இருவர் சேர்ந்து கேட்க இரண்டு துளைகள் அதில் வைக்கப்பட்டன. இன்றோ நிலைமை தலைகீழ்! கருவியே இல்லாமல் கைப்பேசியை அலறவிடுவோர் பெருகியதால், கர்நாடகத்தின் அரசு பஸ்களில் 2021-லும், மும்பையின் பெஸ்ட் பஸ்களில் 2023-லும் அதற்குத் தடை விதிக்க நேர்ந்தது.

காதை அடைப்பதனால் வரும் கேட்டையும் மறைத்தற்கில்லை. நடத்துநர் "புடே சலா, புடே சலா" என்று கூவுவதைக் கேட்டுத்தான் நம்முள் மூத்தோர் பலர் மராத்தி கற்றனர். "ஸுட்டே பைஸே" என்றால் சில்லறை என்று நமக்கு எந்தப் பள்ளியும் சொல்லித் தரவில்லை. புதிதாக இந்நகருக்கு வந்த பிள்ளைகள் முதல் ஆறு மாதமேனும் ஒரு வழிப் பிரயாணத்தில் காதைத் திறந்து வைத்திருப்பது நன்று. மெட்ரோவிலும் "புடீல் ஸ்தானக்" என்ற அறிவிப்பைக் கேட்டே இறங்க வேண்டும். ஸ்வார்கேட்டுக்கு அடுத்த நிலையத்தின் பெயர் மண்டை. சந்தை என்று பொருள். அதை முதன்முறை கேட்டுச் சிரிக்காத தமிழரை நாம் கண்டதில்லை. வெளியொலியை உள்ளே விடும் ஏற்பாடு உள்ள கருவியாயின், நிறுத்தம் நெருங்குகையில் ஒரு பொத்தானை அழுத்தினால் போதும்.

வண்டியிலிருந்து இறங்கியதும் கருவி கழுத்துக்கு வந்துவிட வேண்டும். சாலையைக் கடக்கையிலும் இரு சக்கர வாகனம் ஓட்டுகையிலும் அது காதில் இருக்கவே கூடாது. 2018 ஏப்ரல் 26 அன்று உத்தரப் பிரதேசத்துக் குஷிநகரில் ஆளில்லாத ரெயில்வே கேட்டில் பள்ளி வேன் ஒன்று ரெயிலில் மோதி 13 குழந்தைகள் மாண்டனர். வேனோட்டி காதில் இயர்போன் மாட்டியிருந்தார் என்று அந்நாளைய செய்திகள் கூறின.

வாங்குமிடம் பற்றிப் பலரும் கேட்கின்றனர். புத்வார் பேட்டையில் தாப்கீர் சந்து என்னும் மின்பொருட் கடைவீதி உள்ளது. மண்டை நிலையத்தில் இறங்கி நடந்தே செல்லலாம். அங்கு நல்ல சரக்கும் உண்டு, புகழ்பெற்ற பெயர் ஒட்டிய போலிச் சரக்கும் உண்டு. மருமகனின் காதைக் கெடுத்த பழைய கருவி பாதையோரத்தில் வாங்கிய அத்தகைய போலியே. அதில் இடக்காதில் ஒலி குறைவாகவே வரும், அதனை ஈடுகட்ட அவன் மேலும் மேலும் கூட்டியிருக்கிறான். கம்பியில்லா ஹெட்போன்களுக்கு இந்தியத் தர நிர்ணய அமைவனத்தின் பதிவு கட்டாயம். பெட்டியில் ஆர் என்று தொடங்கும் பதிவெண் இருக்கும், கைப்பேசியில் பி.ஐ.எஸ். கேர் என்னும் செயலியில் அவ்வெண்ணை இட்டால் உண்மை புலப்படும். ரசீது கேட்கக் கூச்சப்படலாகாது. பணம் கொடுக்குமுன் கடைக்கு வெளியே வந்து, வண்டிகள் செல்லும் தெருவில் நின்று ஊருக்கு ஒரு முறை பேசிப் பாருங்கள். நமக்குக் கேட்பது போலவே நம் குரல் அவர்களுக்குக் கேட்கிறதா என்பதும் முக்கியமன்றோ! பிரயாண நேரத்தில்தான் நம்மவர் பலரும் ஊரிலுள்ள தாய் தந்தையருடன் பேசுகின்றனர்.

வாங்கிய பின் கைப்பேசியின் ஒலியளவை அறுபது சதவிகிதத்துக்கு மேல் ஏற்றாமல் வைப்பது வழக்கமாக வேண்டும். முனைகளை வாரம் ஒருமுறை கழற்றிச் சோப்பு நீரில் கழுவி, நன்கு உலர்ந்த பின் மாட்டவேண்டும். அண்ணன் கருவியைத் தம்பி வாங்கி மாட்டிக்கொள்ளும் பழக்கம் நம் வீடுகளில் மிகுதி. காதில் சீழ் உள்ளவரிடமிருந்து மற்றவருக்கு அது தொற்றக்கூடும்.

எம் மருமகன் மூன்று வாரம் கழிந்து புதுக் கருவியைப் பூட்டிக்கொண்டு புறப்பட்டான். சில்வண்டு ஓசை அதற்குள் அடங்கிவிட்டிருந்தது. அன்று ஸ்வார்கேட் பஸ்ஸில் நின்றபடியே அவன் தன் தாயாருடன் பேச, எம் தமக்கையார் சிறிது நேரம் கேட்டிருந்துவிட்டு, "ஏ அய்யா, இன்னைக்கு வேலைக்குப் போகலையா? வண்டிச் சத்தமே கேக்கலையே!" என்றாராம்.