மாற்றுவதா, வைத்திருப்பதா?

துடுப்பாட்டத்தைக் களத்தில் நின்று ஆடுவோர் ஓர் அணிக்குப் பதினொருவரே. வேலியோரம் நின்றவாறு தம் மனத்துள் வேறோர் அணியை அமைத்து ஆடுவோருக்குக் கணக்கில்லை. அளவெட்டிக்கு இந்தப் பழக்கம் துடுப்பாட்டத்தால் வந்ததன்று. நாதஸ்வரமும் தவிலும் தழைத்த ஊர் இது. என். கே. பத்மநாதனின் நாதஸ்வரத்துக்கு எந்தத் தவில் பொருந்தும், தெட்சணாமூர்த்தியின் தவிலுக்கு எதிரே எவரை நிறுத்தலாம் என்று கோயில் வீதியிலிருந்து கற்பனையிலேயே மேளக் கச்சேரிகளை ஒழுங்கு செய்த பெரியவர்களை யான் அறிவேன். ஆகவே, என் பழைய மாணவர் சிலர் வந்து, தங்கள் கழகத்துக்கெனக் ‘கற்பனை லீக்’ ஒன்றைத் தொடங்கியிருப்பதாகச் சொன்னபோது அது எனக்கு விந்தையாகத் தோன்றவில்லை.

இவ்வாட்டத்தை அறியாத நேயர்களுக்காக ஒரு சொல். பங்குபற்றும் ஒவ்வொருவருக்கும் கற்பனைப் பணம் ஒரு தொகை தரப்படும். வீரர் ஒவ்வொருவருக்கும் ஒரு விலை உண்டு. பணத்துக்குள் அடங்கும்படி அணியைத் தெரிந்துகொள்ள வேண்டும். அவ்வீரர் மெய்யான ஆட்டத்தில் எடுக்கும் ஓட்டமும் விக்கெற்றும் பிடியும் நமக்குப் புள்ளிகளாகும். இடையிடையே ஒருவரை நீக்கி இன்னொருவரைச் சேர்க்கலாம். அதுவே வீரர் மாற்றம். 1980இல் நியூயோர்க்கில் டானியல் ஒக்ரென்ற் என்னும் எழுத்தாளரும் நண்பர்களும் பேஸ்பால் ஆட்டத்தை வைத்து இவ்வாறு ஒரு லீக்கை நடத்தினர். தாம் கூடி உணவருந்திய உணவகத்தின் பெயரையே அதற்குச் சூட்டினர். இங்கிலாந்தின் பிரிமியர் லீக் உதைபந்தாட்டத்தை ஒட்டிய கற்பனை ஆட்டத்தில் 10 கோடி பவுணுக்குள் 15 வீரரை வாங்க வேண்டும். அந்நாட்டுக் கிராமத்துத் துடுப்பாட்டக் கழகங்களோ தம் அங்கத்தவரையே விலை குறித்து ஆடுகின்றன. என் மாணவரின் லீக்கும் இக்கடைசி வகையைச் சேர்ந்ததே.

யாரை நீக்கலாம், யாரைச் சேர்க்கலாம் என்பது அவர்கள் கேள்வி. பல ஆண்டுகள் ஓட்டப் பதிவேட்டோடு மரநிழலில் இருந்தவன் என்ற உரிமையில் சிலவற்றைச் சொன்னேன்.

சர்வதேச ஆட்டத்தில் ஒருவன் எப்படி ஆடுவான் என்பது முதற் கேள்வி. ஊர்க் கழகத்தில் அவன் வருவானா என்பதே முதற் கேள்வி. செம்மண் தோட்டத்தில் வெங்காயம் பிடுங்கும் வாரமா? பங்குக் கிணற்றில் அவன் வீட்டு இறைப்பு முறை ஞாயிறு காலையிலா விழுகிறது? தங்கை உயர்தரப் பரீட்சைக்குப் போகிறாளா? அப்படியானால் அவளை மல்லாகத்துக்கு ஏற்றி இறக்குவது யார்? நல்லூர்த் திருவிழா இருபத்தைந்து நாளும் விரதமிருந்து போகிறவர்கள் எவர்? இவற்றை அறிந்தவன் சராசரிக் கணக்குப் பார்ப்பவனை வென்றுவிடுவான். வராத சூரனுக்குப் புள்ளி சூன்யம். வந்து நின்று ஒரு பிடி எடுத்தவனுக்கு அந்தப் பிடிக்காவது உண்டு.

அடுத்தது, சென்ற வாரத்து அரைச் சதத்தைத் துரத்தி ஓடாதிருத்தல். மென்பந்துச் சுற்றுப்போட்டிகள் சில ஓவர்களுக்குள் முடிவன. ஆறாம் இடத்தில் இறங்குபவன் எவ்வளவு வல்லவனாயினும் ஐந்தாறு பந்துகளே அவனுக்குக் கிட்டும். முதல் மூவரில் ஒருவனையும், தனக்குரிய ஓவர்களை முழுதும் வீசுபவனையும் பிடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் ஒருவனே செய்வானாயின் கடைசிக் காசு வரை கொடுங்கள். விக்கெற் காப்பாளனின் விலை பெரும்பாலும் குறைவு. பிடிகளோ அவனையே தேடி வரும். மாற்றங்களை முற்பகுதியிலேயே செலவழித்துவிட்டால் பரீட்சைக் காலத்திலும் ஐப்பசி மழையிலும் கையைப் பிசைய நேரும்.

இவையெல்லாம் எளியவை. என் மனத்தை உறுத்தியது விலைப் பட்டியல். சனசமூக நிலைய வாசிகசாலைப் பலகையில் அதை ஒட்டியிருந்தார்கள். அடியிலே ஒரு பையனின் பெயர். எல்லாரிலும் குறைந்த விலை. அவனை எவரும் வாங்கவில்லை. தொலைக்காட்சியில் வரும் வீரனுக்கு நாம் என்ன விலை வைத்தாலும் அவன் அறியப்போவதில்லை. இவனோ அதே பலகையைத் தாண்டி வந்துதான் பத்திரிகை வாசிக்க வேண்டும்.

புள்ளிக் கணக்கு எவ்வளவு குருடு என்பதற்கு நம் யாழ்ப்பாணத்திலேயே சான்று உண்டு. யாழ். மத்திய கல்லூரியில் ஆடி வளர்ந்த சுழற்பந்து வீச்சாளர் விஜயகாந்த் வியாஸ்காந்த், 2020 டிசம்பரில் லங்கா பிரிமியர் லீக்கில் யாழ்ப்பாண அணிக்காகக் களமிறங்கியபோது பத்தொன்பது வயது நிறையவில்லை. 2024இல் காயமுற்ற வனிந்து ஹசரங்கவுக்குப் பதிலாக ஐதராபாத் அணி அவரை அழைத்துக்கொண்டது. மே 8ஆம் நாள் இந்தியன் பிரிமியர் லீக்கில் லக்னோ அணிக்கெதிராக முதன்முறை ஆடினார். 4 ஓவர்கள், 27 ஓட்டங்கள், விக்கெற் இல்லை. விக்கெற்றையே எண்ணும் கற்பனை லீக்கில் இது ஒன்றுமற்ற நாள். மறுநாளே அவரை நீக்கியிருப்பார்கள். ஆனால் அன்று லக்னோ 20 ஓவர்களில் 165 ஓட்டங்களோடு நின்றது. ஐதராபாத் பத்து ஓவர் நிறையுமுன் வென்றது. ஓட்டத்தை அடக்கிய அந்த நான்கு ஓவர்களின் பெறுமதியைப் பதிவேடு எழுதுபவன் அறிவான்.

எனவே மூன்று யோசனைகள் சொன்னேன். ஓட்டத்தைக் கட்டுப்படுத்தும் ஓவருக்கும் புள்ளி கொடுங்கள். அடிவிலைக்காரர் ஒருவரையேனும் ஒவ்வோர் அணியும் சேர்த்தாக வேண்டுமென விதி செய்யுங்கள். பட்டியலைப் பலகையிலிருந்து எடுத்துவிடுங்கள். மெய்ப்பணத்தைப் பற்றி நான் சொல்லத் தேவை இருக்கவில்லை. சேரும் சந்தா பந்து வாங்கவே போகிறது. பணம் கட்டி ஆடும் இணையவழி ஆட்டங்களை இந்தியா 2025இல் சட்டத்தால் தடுத்ததையும், ட்ரீம்11 போன்ற பெரு நிறுவனமே பணப் போட்டிகளை நிறுத்தியதையும் அவர்கள் என்னைவிட நன்கு அறிந்திருந்தார்கள்.

முதல் இரண்டு யோசனைகளை ஏற்றுக்கொண்டார்கள். பட்டியல் இன்னும் பலகையில்தான் இருக்கிறது. செயற்குழு கூடித்தான் தீர்மானிக்க வேண்டுமாம். அடுத்த மாற்றத்துக்குச் சனிக்கிழமை மாலை ஆறு மணி எல்லை. எனக்கும் ஓர் அணி தந்திருக்கிறார்கள். அந்தப் பையனைச் சேர்த்துக்கொண்டேன். அவன் வீட்டு இறைப்பு முறை புதன்கிழமை.