சிலிக்கோன் பைக்கு ஆயுள் எவ்வளவு?

2020 அக்டோபரில் கோலாலம்பூர், செராசில் ஓர் அழகு நிலையத்தில் கொழுப்பு உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் இறந்துபோனார். இப்படிப்பட்ட மரணங்களால், உரிமம் இல்லாத இடத்துக்குப் போனால்தான் ஆபத்து என்ற எண்ணம் நமக்குள் ஊறிவிட்டது. அந்தப் பயம் நியாயமானதுதான். மார்பகத்தைப் பெரிதாக்குவதும் அறுவைக்கூடத்தில் பிளாஸ்டிக் அறுவை நிபுணர் செய்ய வேண்டிய வேலைதான். ஆனால் நல்ல மருத்துவமனை, தேர்ந்த நிபுணர் என எல்லாம் கூடிவந்தாலும் ஒரு கணக்கு மிச்சம் இருக்கிறது. மார்பகத்துக்குள் வைக்கும் சிலிக்கோன் பை ஆயுள் முழுக்க உழைக்காது.

உடல் அந்தப் பையை அந்நியப் பொருளாகவே பார்க்கும். சுற்றிலும் தழும்புத் திசுவால் உறை கட்டும். சிலருக்கு அந்த உறை இறுகி, மார்பகம் கல்லாகி வலிக்கும். பை கிழிந்தாலும் வெளியே எந்த அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். எம்ஆர்ஐ போன்ற படம் எடுத்தால்தான் புலப்படும். பெரிதாக்கிக்கொண்டவர்களில் ஐந்தில் ஒருவர் வரை எட்டு முதல் பத்து ஆண்டுக்குள் பையை எடுக்க வேண்டியிருக்கும் என்கிறது அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம். தவணை கட்டி முடித்த சில ஆண்டுகளிலேயே அடுத்த அறுவைக்கான செலவு வந்து நிற்கலாம். விளம்பரப் பலகையில் அந்தத் தொகை இருக்காது.

லட்சக்கணக்கான பெண்கள் நன்றாகத்தானே இருக்கிறார்கள் என்று கேட்கலாம். உண்மைதான். சிலிக்கோன் உடல் முழுவதையும் பாதிக்கும் நோய்களைத் தருகிறது என்பதற்குப் போதிய சான்றில்லை என 1999இல் அமெரிக்க மருத்துவக் கழகத்தின் ஆய்வறிக்கை சொன்னது. ஆனால் கதை அதோடு முடியவில்லை. பிரான்சின் பிஐபி நிறுவனம் தொழிற்சாலைத் தர சிலிக்கோனை அடைத்து விற்றது 2010இல் அம்பலமானது. சொரசொரப்பான மேற்பரப்புள்ள பைகளைச் சுற்றி அரிதான ஒருவகை நிணநீர்ப் புற்றுநோய் வந்ததால், 2019 ஜூலையில் அலர்கன் நிறுவனம் தான் தயாரித்த அத்தகைய பைகளை உலகெங்கும் திரும்பப் பெற்றது. அதுவரை பதிவானவை 573 நோயாளிகள், 33 மரணங்கள். அரிதுதான், என்றாலும் தன் உடலுக்குள் இருப்பது எந்த வகைப் பை என்று தெரியாத பெண்ணுக்கு அந்த அறிவிப்பால் என்ன பயன்?

முடிவெடுப்பது அவரவர் உரிமை. புற்றுநோயால் மார்பகத்தை இழந்தவருக்கு இதே பை பெரிய ஆறுதலும்கூட. ஆனால் மலேசியப் பெண்களிடம் மிக அதிகமாகக் காணப்படும் புற்றுநோயே மார்பகப் புற்றுநோய்தான். அதைக் கண்டறிய எடுக்கும் மேமோகிராம் படத்தில் பை திசுவின் ஒரு பகுதியை மறைக்கும்; பையைப் பின்னுக்குத் தள்ளிக் கூடுதல் படங்கள் எடுக்க வேண்டும். ஆகவே தெலுக் பங்லிமா காராங்கிலிருந்து கிள்ளானுக்குப் பரிசோதனைக்குப் போகிறவர், தனக்குப் பை வைத்திருப்பதைப் படம் எடுப்பவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும். இனிப் பை வைத்துக்கொள்ள நினைப்பவர், அதன் நிறுவனம், வகை, வரிசை எண் மூன்றும் எழுதிய அட்டையைத் தர மறுக்கும் இடத்தில் முன்பணம் கட்ட வேண்டாம்.