இதைப்போல இன்னொன்று

கதை கேளாத குடும்பம் உண்டோ? பாட்டியின் வாய்மொழியில் கேட்டோம்; கூத்து மேடையில் கண்டோம்; வெள்ளித்திரையில் பார்த்தோம். இன்றோ கொரிய நாட்டுக் காதல் தொடர்கள் கைப்பேசி வழியே நம் கட்டுமாவடிக் கடற்கரை இல்லங்களிலும் குடியேறிவிட்டன. “அக்கா, அந்தத் தொடர் முடிந்துவிட்டது. அதைப்போல இன்னொன்று சொல்லுங்களேன்” என நம் நங்கையர் ஒருவரையொருவர் வினவுவதைக் கேட்கிறோம். இவ்வினாவை எள்ளி நகையாட வேண்டியதில்லை. இதற்கு நல்ல விடை கூறுவதே பெரியோர் கடமை.

இத்தொடர்கள் நமக்கு முற்றிலும் புதியனவல்ல. 2013-ஆம் ஆண்டு தொடங்கப்பெற்ற புதுயுகம் தொலைக்காட்சி, கொரியத் தொடர்களைத் தமிழ்க் குரலில் ஒளிபரப்பியது. அன்று கூடத்தில் பலர் நடுவே கண்டதை, இன்று அவரவர் தனியே காண்கின்றனர்.

நம்மவர் மனம் இவற்றில் எளிதில் ஒன்றுவதற்குக் காரணம் உண்டு. பெரியோரை வணங்குதல், உண்டாயா எனக் கேட்டு அன்பு காட்டுதல், மகளின் திருமணத்தில் குடும்பமே தலையிடுதல் ஆகியவை அங்கும் உள்ளன. தந்தையை அவர்களும் ‘அப்பா’ என்றே அழைக்கின்றனர். மைசூர்ப் பகுதியில் மறைப்பணியாற்றிய பிரெஞ்சுக் குரு சார்ல் தாலே, 1874-இல் வெளிவந்த தமது கொரியத் திருச்சபை வரலாற்றில், கொரிய மொழிக்கும் திராவிட மொழிகளுக்குமுள்ள ஒப்புமையைச் சுட்டினார். இரண்டும் ஒரே மொழிக்குடும்பம் என இன்றைய அறிஞர் ஏற்பதில்லை. எனினும் செவிக்கு அது உறவுபோலவே ஒலிக்கிறது.

ஆனால் ‘இதைப்போல’ என்னும்போது, எதைப்போல என்று சிந்திக்கின்றோமா? செல்வச் சீமான் மகன் ஏழைப் பெண்ணை முதலில் இழிவுபடுத்திப் பின்னர் காதலிக்கும் கதை ஒன்றுண்டு. யோக்கோ காமியோ 1992-இல் எழுதத் தொடங்கிய சப்பானியச் சித்திரக்கதை அது. தைவானில் 2001-இலும், சப்பானில் 2005-இலும், கொரியாவில் ‘பாய்ஸ் ஓவர் ஃப்ளவர்ஸ்’ என்னும் பெயரில் 2009-இலும் தொடராயிற்று. நாடு மாறினும் நாயகனின் செருக்கு மாறவில்லை. மிரட்டுவதையும் கையைப் பற்றி இழுப்பதையும் அன்பின் அடையாளமென நம் மகள் கருதத் தொடங்கினால், நாளை கன்னத்தில் விழும் அறையையும் அன்பென்றே பொறுத்துக்கொள்வாள். பெற்றோர்களே, இது விளையாட்டன்று.

ஆகவே, நாயகனின் முகத்தையன்று, அன்பின் தன்மையை ஒப்பிட்டுப் பரிந்துரையுங்கள். கடலோர மக்களாகிய நமக்கு ஏற்ற மூன்றினைக் கூறுகிறேன்.

முதலாவது, 2025-இல் வெளிவந்த ‘வென் லைஃப் கிவ்ஸ் யூ டேஞ்சரின்ஸ்’. ஜேஜு தீவில், சுவாசக் கருவியின்றிக் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள் உளர். அவர்தம் பண்பாட்டை யுனெஸ்கோ 2016-இல் தன் பட்டியலில் சேர்த்தது. இராமநாதபுரக் கடலில் பாசி எடுக்கும் நம் பெண்களை அவர்கள் நினைவூட்டுவர். அத்தகைய தாய்க்குப் பிறந்த ஏசூனும் மீனவன் க்வான்சிக்கும் வாழும் இல்லறமே கதை. அதிகம் பேசாத அவன், ஆண்கள் அமர்ந்துள்ள உணவு மேசைக்கு முதுகைத் திருப்பி, மனைவியும் மகளும் இருக்கும் பக்கம் நோக்கி அமர்ந்து உண்கிறான். காதல் திருமணத்தோடு முடிவதில்லை, அங்கேதான் தொடங்குகிறது என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

இரண்டாவது, 2021-இல் வந்த ‘ஹோம்டவுன் சா சா சா’. நகரத்துப் பல் மருத்துவப் பெண்ணொருத்தி கடற்கரைச் சிற்றூரில் குடியேறுகிறாள். அவளது காதலோடு, ஊர்ப் பாட்டிமாரின் தனிமையும் அண்டை வீட்டாரின் பரிவும் பின்னிக் கிடக்கின்றன.

மூன்றாவது, 2022-இல் வந்த ‘அவர் ப்ளூஸ்’. இதில் ஒரு பெண், டவுன் நோய்க்குறி உடைய தன் இரட்டைச் சகோதரியைப் பற்றிக் காதலனிடம் சொல்ல அஞ்சுகிறாள். உண்மை அறிந்த படகோட்டியாகிய காதலன் விலகிச் செல்லவில்லை. மாற்றுத்திறன் கொண்ட பிள்ளையைப் பெண் பார்க்க வருவோர் கண்ணில் படாமல் மறைக்கும் வழக்கம் நம்மிடையே இன்றும் உண்டன்றோ? எனினும் இத்தொடரில் மனச்சோர்வும், பள்ளிப் பருவத்துக் கருவுறுதலும் இடம்பெறுவதால் சிறுவர்க்கு உகந்ததன்று.

ஒன்று மட்டும் மறவற்க. இவற்றின் ஒவ்வொரு பகுதியும் ஏறத்தாழ ஒரு மணி நேரம் ஓடும். ஒரே இரவில் முடிக்க முனைந்தால் உறக்கமும் மறுநாள் வேலையும் கெடும். கணவர் பிழைப்புக்காகக் கடல் கடந்திருக்கும் இல்லத்தரசியர், எழுத்தாளர் எழுதித் தந்த இனிய சொற்களைப் பேசும் நடிகரோடு, களைத்த குரலில் தொலைபேசியில் பேசும் தம் கணவரை ஒப்பிடுதல் நீதியன்று.

நாளுக்கு ஒரு பகுதி போதும். தாயும் மகளும், இயன்றால் தந்தையும் மகனும் உடனமர்ந்து காணுங்கள். பின்னர், “இவன் செய்தது சரிதானா?” என்று ஒரு கேள்வி கேளுங்கள். அந்த உரையாடலில் நம் பிள்ளைகள் மனத்தில் உள்ளது வெளிப்படும். அதைக் கேட்கும் பேறு நமக்குக் கிட்டும். அடுத்த முறை தோழி ஒருத்தி “இதைப்போல இன்னொன்று” எனக் கேட்கும்போது, உங்கள் மகள் ஆராய்ந்து விடை சொல்வாள்.