கதிர் மருந்து ஸ்கேன்: பயம் வேண்டாம், கேட்டுத் தெரிஞ்சுக்குவோம்



போன மாதம் மேலூர் பக்கம் ஒரு குழுக் கூட்டத்துக்குப் போயிருந்தோம். கழுத்தில் கட்டி உள்ள ஓர் அக்கா, மதுரையில் டாக்டர் எழுதிக் கொடுத்த ஸ்கேன் சீட்டை இரண்டு மாதமாகப் பெட்டிக்குள்ளேயே வைத்திருந்தார். "உடம்புக்குள்ள கதிர் மருந்து ஏத்துவாங்களாம். அப்புறம் புள்ளைகள எப்படித் தொடுறது?" என்று கேட்டார். அங்கிருந்த பலருக்கும் அதே பயம்தான்.

மருந்து எப்படிப் போய்ச் சேருது?

நம் உடம்பில் உள்ள ஒவ்வொரு செல்லையும் சுற்றி மெல்லிய சவ்வு இருக்கிறது. வீட்டுச் சுவர் மாதிரி. அதில் புரதத்தால் ஆன வாசல்கள் உண்டு. தைராய்டு செல்லின் வாசல் அயோடினைப் பிடித்து உள்ளே இழுக்கும். ஸ்கேனுக்குப் போடும் டெக்னீசியம் மருந்தும் அந்த வாசலுக்கு அயோடின் மாதிரியே தெரியும், அதையும் இழுத்துக்கொள்ளும். அது விடும் கதிரைக் கேமரா படம் பிடிக்கிறது. கேமரா நம் மேல் கதிர் அடிப்பதில்லை.

கட்டி மருந்தை இழுக்காவிட்டால், ஊசி வைத்துச் சோதிக்கச் சொல்லலாம். அப்படிப்பட்ட கட்டிகளிலும் பெரும்பாலானவை புற்றுநோய் அல்ல.

வேறு சில புற்றுக் கட்டிகளின் சவ்வில் பூட்டு மாதிரி புரதங்கள் இருக்கும். அதற்குப் பொருந்தும் சாவி போன்ற மருந்தில் காலியம்-68 சேர்த்து 'பெட்' ஸ்கேன் எடுப்பார்கள்.

எவ்வளவு நேரம் இருக்கும்?

டெக்னீசியம் 6 மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகக் குறையும். காலையில் 16 பங்கு என்றால், மறுநாள் காலையில் 1 பங்குதான். சிறுநீரிலும் வெளியேறும், தண்ணீர் நன்றாகக் குடிக்கணும்.

சிகிச்சைக்குத் தரும் அயோடின்-131 வேறு. அது பாதியாக 8 நாள் ஆகும். அதனால் டாக்டர் சொல்லும் நாள் வரை குழந்தைகளிடமிருந்து தள்ளி இருக்கணும்.

மறக்காமல் சொல்ல வேண்டியவை

* கர்ப்பமாக இருந்தாலோ, நாள் தள்ளிப் போயிருந்தாலோ முதலிலேயே சொல்லுங்கள். கர்ப்பிணிக்கு அயோடின்-131 தரவே கூடாது.
* பால் கொடுக்கும் தாய் என்றால், எவ்வளவு நேரம் நிறுத்தணும் என்று கேளுங்கள். அயோடின்-131 எடுப்பதற்கு முன்பே அந்தக் குழந்தைக்குப் பால் கொடுப்பதை முழுதாக நிறுத்திவிடணும்.
* தைராய்டு மாத்திரை சாப்பிட்டால் அதையும் சொல்லுங்கள்.
* காப்பீட்டு அட்டையைக் கையோடு எடுத்துப் போய், உதவி கிடைக்குமா என்று விசாரியுங்கள்.

அந்த அக்கா மறுவாரமே ஸ்கேனுக்குப் போனார். குழுவில் ஒருவர் துணைக்குப் போனார். உங்கள் குழுவிலும் பெட்டிக்குள் சீட்டு இருக்கிறதா? அடுத்த கூட்டத்தில் கேட்டுப் பாருங்கள்.